கார்டு போட்டது நான்தான்

தொண்ணூறுகளில் ஒருநாள், எங்கள் திருத்தணி வீட்டுக்குப் பெயரில்லாத தபால் கார்டு ஒன்று வந்தது. முருகன் மகிமையை ஒன்பது பேருக்கு எழுதினால் நல்லது நடக்கும், கிழித்துப் போட்டால் வீட்டில் சாவு விழும் என்றிருந்தது. பயந்துபோய், என் மகளை விட்டு ஒன்பது கார்டு எழுத வைத்தேன். மணவூரில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த என் தங்கைக்கும் நல்லது நடக்கட்டும் என்று, அவளுக்கும் ஒன்று போட்டேன்.

அடுத்த வாரம் அவளைப் பார்க்கப் போனேன். முகம் வாடியிருந்தது.

"எவளோ கார்டு போட்டுக்கிறாக்கா. வயித்துப் புள்ளைக்கு எதனா ஆயிடுமோன்னு மூணு நாளா சோறே எறங்கல" என்று அழுதாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை.

"அந்த எவளோ நான்தான்டி" என்றேன்.

முறைத்தாள். "முருகன் இன்னா ரவுடியாக்கா, நம்மள மெரட்டறதுக்கு?" என்று கேட்டுவிட்டு, தட்டு வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். குழந்தை சுகமாகப் பிறந்தது.

மீதி எட்டு வீட்டுக்கும் நேரில் போய், போட்டது நான்தான் என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள். இருந்தாலும் அப்படிப் போனதில் எனக்கு இன்றும் பெருமைதான்.

இப்போது செல்போனிலும் அதே மிரட்டல் வருகிறது. நான் யாருக்கும் அனுப்புவதில்லை. எனக்கு அனுப்பியவருக்கே போன் போட்டு, "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது" என்று சொல்கிறேன்.