கோடிட்ட இடம்

அவரைப் பார்த்த பிறகு, உருகி உருகி நலம் விசாரிக்கிறவர்களைக் கண்டாலே நான் ஒதுங்கிப் போய்விடுகிறேன்.

கோவில்பட்டியில், எஸ்.எஸ்.எல்.சி. தவறியவர்களுக்கான டுட்டோரியலில் ஆங்கில ஆசிரியர் அவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, அதிராத குரல். வகுப்புக்கு முன் டீக்கடையில் நிறுத்தி, "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா இருக்காவளா?" என்பார். நம்பிச் சொல்வோம். மறுநாள் அது கரும்பலகையில் இருக்கும். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சிக்கு அவர் வாக்கியம் சேகரித்தது அப்படித்தான்.

ஒருநாள், தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து படிக்க வரும் ஓர் அக்காவை எழுப்பினார். பலகையில் 'ஹெர் ஹஸ்பண்ட் ஹாஸ் ____ ஹெர்' என்று இருந்தது.

"நிரப்பும்மா. நேத்து நீ எங்கிட்ட சொன்னதுதான்."

அவள் சாக்பீஸை வாங்கி 'டெசர்டட்' என்று எழுதினாள். 'கைவிட்டுவிட்டான்' என்று பொருள் சொல்லி, எங்கள் எல்லோரையும் உரக்கச் சொல்ல வைத்தார். சொன்னோம்.

வெளியே வந்ததும், "சார், அவிய பாவம்லா?" என்றேன்.

"பாவந்தான். ஆனா அந்த வார்த்தைய இனி நீரு மறப்பீரா?"

பரீட்சையில் அதே வார்த்தை வந்தது. நாங்கள் எல்லோரும் எழுதினோம். அவள் மட்டும் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தாள்.

கேள்விப்பட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது. "நல்லாத் தெரிஞ்ச வார்த்தைல்லா! ஏன் விட்டா?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்.

அவர் நடிக்கவில்லை.