ஞானபாய் டீச்சரின் மூன்றாவது லீவு

பேத்திக்கு மறுபடியும் காய்ச்சல். திருவனந்தபுரத்தில் வங்கி வேலை அவளுக்கு. போன மாதம்தான் நெடுநாள் படுத்துக் கிடந்து எழுந்தாள். கட்டிலில் சாய்ந்தபடியே போனில் எதையோ தட்டினாள். "லீவு சொல்லியாச்சு தாத்தா" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். யாரிடமும் கெஞ்சவில்லை, குரலைத் தாழ்த்தவில்லை. அவள் கைக்குட்டையில் கொஞ்சம் யூக்கலிப்டஸ் தைலம் விட்டுக் கொடுத்தேன். அந்த மணம் மூக்கில் ஏறியதும் பாறசாலைப் பக்கத்தில் நான் முதன்முதலாக வேலை பார்த்த மிஷன் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் அறைக்குள் போய் நின்றேன்.

அங்கே அந்த மணம் ஞானபாய் டீச்சருடையது. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். கணவர் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். அவருக்கு இருந்தது காசநோய். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், நெஞ்சுச் சூக்கேடு என்பார்கள். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, இரண்டு தடவையும் திரும்பி வந்து, விட்ட பாடத்திலிருந்து தொடங்கியவர். இருமல் வந்தால் யாருக்கும் கேட்டுவிடாமல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொள்வார். அவர் பாட்டாகச் சொல்லிக் கொடுத்த வாய்ப்பாடு என் வகுப்பு வரைக்கும் கேட்கும். என் பிள்ளைகள் நான் சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு அதைத்தான் பாடிக்கொண்டு திரிவார்கள்.

திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர்கள் தமிழோடு சேருமா, மலையாளத்தோடு நிற்குமா என்று தெரியாது. ஆசிரியர் அறையிலும் எல்லை விழுந்துவிட்டது. ஜன்னல் பக்கத்து பெஞ்சு தமிழுக்கு, வாசல் பக்கத்து பெஞ்சு மலையாளத்துக்கு. ஊர்வலத்தில் கத்திக் கத்தி எனக்கு எப்போதும் தொண்டை கட்டியிருக்கும். மலையாள வகுப்பு எடுத்த பாஸ்கரன் சாரோடு பேச்சே கிடையாது. சாக்பீஸ் வேண்டுமென்றால் விரலைக் காட்டுவேன். அவரும் முகத்தைப் பாராமல் எடுத்து நீட்டுவார். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே கடையில் நின்றுதான் ரசவடை தின்போம், ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு.

மூன்றாவது தடவையும் நோய் திரும்பி, இருமலில் ரத்தம் வந்தது. டாக்டரின் சர்டிபிகேட்டோடு டீச்சர், பள்ளிக்கூடத்தை நடத்திய மானேஜரிடம் போனார். மானேஜர் எங்கள் ஆள். தமிழுக்காக மேடையேறி அவர் பேசினால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். அவர் சொன்னாராம்: "நீங்க திரும்பி வந்த அன்னைக்கே பழைய லீவு முடிஞ்சு போச்சு. அதே சூக்கேட்டுக்கு பின்னயும் பின்னயும் சம்பளம் தர முடியாது. ராஜினாமா எழுதித் தாருங்க."

ஜன்னல் பெஞ்சில் நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டுக் கொண்டுபோய் நீட்டினோம். டீச்சர் கையை நீட்டவில்லை. "வேண்டாம் மக்கா. எனக்கு உள்ளது உண்டா, இல்லியா? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

வாசல் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "டீச்சரே, அது டீச்சருடெ அவகாசமாணு." பாஸ்கரன் சார்.

எனக்குச் சுருக்கென்றது. "நேரம் கேக்குறதா சார் இப்பம் விசயம்?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "உங்க பாஷையில அவகாசம்னா நேரம். எங்களுக்கு அது உரிமையாக்கும்."

ஞானபாய் டீச்சரும் இருமலுக்கு நடுவே சிரித்தார். "எனக்கு ரெண்டும் வேணும் சார்."

பாஸ்கரன் சாரின் அண்ணனும் இதே நோயோடு சர்க்கார் வேலையில் அல்லாடியவர். அந்த வீட்டில் பட்டதை வைத்துத்தான் சார் பேசினார். அரைச் சம்பள லீவு என்பது சர்வீஸுக்கு ஏற்றபடி சேருவது. எடுத்தது போக மீதி இருந்தால் அது டீச்சருடையது. நடுவில் வேலைக்கு வந்ததால் அழிந்து போகாது. மீதி தீர்ந்தாலும் சம்பளமில்லாத லீவு கேட்கலாம், வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. டீச்சர், சார், நான் மூன்று பேருமாக உட்கார்ந்து மனு எழுதினோம். நெய்யாற்றின்கரையில் இருந்த கல்வி அதிகாரி, மானேஜரையும் எங்களையும் நேரில் வரச் சொன்னார்.

போக வேண்டிய காலையில் ஹர்த்தால். பஸ் ஓடவில்லை. பாஸ்கரன் சார் ஒரு மாட்டுவண்டி பிடித்து வந்தார். வைக்கோல் பரப்பி டீச்சரை உட்காரவைத்தோம். உதியன்குளங்கரை தாண்டும் முன்னே ஒரு கூட்டம் வண்டியை மறித்தது. எல்லாம் என்னோடு ஊர்வலம் போகிற ஆட்கள்.

"எலே, நீயா? மலையாளத்தானக் கூட்டிக்கிட்டு எங்கல போற?" என்றான் ஒருவன்.

டீச்சர்தான் வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "எனக்குச் சூக்கேடாக்கும் மக்கா. வேலய விட்டுப் போகச் சொல்லுகினும். இந்த சாரு எனக்காக வழக்கு பேச வாறாரு. உங்கள்ல வேற ஆராவது வாறியளா?"

வழி விட்டார்கள். அடுத்த ஏற்றத்தில் வண்டி திணறியபோது, மறித்தவர்களில் இரண்டு பேர் ஓடிவந்து பின்னாலிருந்து தள்ளினார்கள்.

மானேஜர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். அதிகாரி மலையாளத்தில் கேட்டார், ரோகம் ஒன்றேதானே என்று. டீச்சர் எழுந்து நின்று தமிழில் சொன்னார்: "ரோகம் ஒண்ணுதான் சார். ஆனா ரெண்டு தடவயும் நான் திரும்பி வந்து படிப்பிச்சேன். அதுவும் உள்ளதுதான?"

அதிகாரி டீச்சருடைய சர்வீஸ் விவரங்களை வரவழைத்துப் பார்த்துவிட்டு, லீவு மீதி இருக்கிறது, அரைச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், ராஜினாமா கேட்கக் கூடாது என்று மானேஜரிடம் சொன்னார். மானேஜர் வாதாடவில்லை. வெளியே வந்ததும் டீச்சரிடம், "தைரியமாப் போயிட்டு வாருங்க. உங்க வகுப்ப நான் பாத்துக்கிடுதேன்" என்றார். சொன்னபடியே தினமும் ஒரு மணி நேரம் மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார். வாய்ப்பாடு பாடத்தான் அவருக்கு வரவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் பாஸ்கரன் சாரும் நானும் எல்லையைப் பற்றிச் சண்டை போட்டோம். அதுதான் நாங்கள் முதன்முதலாக வாய் நிறையப் பேசியது.

டீச்சர் ஆஸ்பத்திரிக்குப் போனார், தேறினார், வந்தார். பென்ஷன் வாங்கும் வரை படிப்பித்தார். இரண்டு மகள்களும் ஆசிரியைகள் ஆனார்கள். பாறசாலை கேரளத்தோடு நின்றது. எங்கள் வீடு இருந்த பக்கம் தமிழ்நாட்டோடு போனது. நான் மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போன வருஷம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். பள்ளிக்கூடம் மாடிக் கட்டிடமாகிவிட்டது, தமிழ் வகுப்பு கிடையாது. டீச்சர் இல்லை, பாஸ்கரன் சாரும் இல்லை. இன்னொரு தடவை இருமினால் வேலை போய்விடும் என்று டீச்சர் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு வகுப்பெடுத்த அந்தப் பயம், அதுவும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. அதை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்த் தொலைத்த மூன்று பேரில் நானும் ஒருவனாக்கும்.