கோழிக்குஞ்சுக்கு மெத்தை, டிரைவருக்குத் தகரம்

1991 கோடையில் தண்டலம் மெயின் ரோட்டில், லாரிக்குப் பாடி கட்டும் ஒரு ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். ரெக்சின் வெட்டுவது, ஃபெல்ட் என்கிற தடித்த கம்பளித் துணியை ஒட்டுவது, சீட் தைப்பது எல்லாம் நான்தான். அந்த வேலைக்கு ஷெட்டில் வேறு ஆள் கிடையாது. அப்போது நடந்த ஒன்றை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரு பழைய லாரி வந்தது. அதில் இஞ்சின் கேபினுக்குள்ளேயே, டிரைவரின் இடது காலை ஒட்டி இருக்கும். மேலே இரும்பு மூடி, பானட் என்போம். பிராய்லர் குஞ்சு ஏற்றும் வண்டி. பின்பக்கப் பாடிக்குள் சூடு இறங்காமல் தெர்மகோல் அடிக்கச் சொன்னார் லாரி முதலாளி.

"குஞ்சு சூட்டுல செத்துப்பூடுதும்மா. டபுளா வெச்சி அடி."

அவர் டீ குடிக்கப் போனதும் டிரைவர் தேவராஜ் அண்ணன் என்னிடம் வந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். பேண்டைச் சுருட்டி இடது காலைக் காட்டினார். கணுக்காலிலிருந்து முட்டிவரை தோல் கருகி, கொப்புளங்கள் உடைந்திருந்தன.

"கேபினுக்கும் எதுனா பண்ணச் சொல்லும்மா. நான் கேட்டா கத்தறாரு."

முதலாளி திரும்பி வந்ததும் சொன்னேன். பானட் மேல் கிளாஸ் வூல் என்கிற கண்ணாடி இழைப் பஞ்சு, அதன்மேல் ஃபெல்ட், ரெக்சின்; கூரைக்கும் கதவுக்கும் ஃபெல்ட்; தரைக்குத் தடித்த ரப்பர் மேட். சூடும் குறையும், சத்தமும் குறையும்.

"டிரைவருக்கு இன்னாத்துக்கு மெத்தை? சொகமா இருந்தா தூங்கிடுவான்."

"அவர் காலைப் பாத்தீங்களா?"

"முடியலன்னா போகட்டும். வேற ஆள் கெடைப்பான்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் மேஸ்திரி ஓடிவந்தார். "இன்னாம்மா, வர்ற கஸ்டமரை வெரட்டறே?"

"கேபினையும் சேத்துன்னா ரெண்டும் பண்றேன். இல்லன்னா பாடியை நீங்களே அடிச்சிக்கோங்க" என்றேன். மறுநாள் அவர் வண்டிக்கு லோடு இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே முதலாளி சம்மதித்தார்.

வேலை முடிந்ததும் அண்ணன் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சற்று நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஸ்டார்ட் ஆயிட்சா?"

எல்லோரும் சிரித்தோம். "பாத்தியா நம்ம வேலையை" என்றார் மேஸ்திரி. கேபினில் அண்ணன் பக்கத்தில்தான் நான் இருந்தேன். சத்தம் குறைந்திருந்தது, உண்மை. ஆனால் இஞ்சின் ஓடுவது எனக்கு நன்றாகவே கேட்டது. இருவரும் இறங்கியதும், அவர் முதுகுக்குப் பின்னால் நின்று "அண்ணே" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. கத்திக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை.

கால் புண் ஆறிவிட்டது. இத்தனை வருஷம் அந்த இஞ்சின் இரைச்சலில் போன காது திரும்பவில்லை. தீபாவளி முடிந்து அதே லாரி வேறு டிரைவரோடு வந்தது.

"செவிடனை வெச்சிகினு எப்டிம்மா வண்டி ஓட்றது? பின்னால பஸ்காரன் ஹாரன் அடிச்சாக்கூடக் கேக்கல" என்றார் முதலாளி.

"அந்தக் காது யார் வண்டில போச்சு?" என்று கேட்டேன். முதலாளி, பக்கத்தில் நின்ற இன்னொரு லாரிக்காரரைக் கூப்பிட்டு, "என் வண்டி கேபினைப் பாருப்பா, டிரைவரை ராஜா மாதிரி வெச்சிருக்கேன்" என்றார். அதன்பின் அவர் வண்டி எதையும் நான் தொடவில்லை.

ஒரகடம் லாரி ஃபேக்டரியில் இன்று லைனில் நின்று, கேபினுக்குள் ஃபெல்ட், மேட் என்று டிரிம் மாட்டும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஒரு லேயர் ஃபெல்ட் குறைந்தால் வண்டி ஓட்டுகிறவனுக்கு உடனே தெரியாது. அவனுக்குத் தெரியவரும்போது, நீங்கள் கேட்கும் மன்னிப்பு அவன் காதில் விழாது.