கொக்கி திரும்பாத சட்டைகள்

மூன்றாக மடித்த துண்டை மறுபடி இரண்டாக மடித்து, மடிப்பின் முதுகு வெளியே தெரியும்படி அடுக்கிவிட்டு, பின்னால் போய் நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். ஒரு துண்டு விரல்கடை அளவு துருத்திக்கொண்டிருக்கிறது. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, அடுக்கு முழுவதையும் கலைத்து முதலிலிருந்து தொடங்குகிறார். கூடத்தில் குழந்தை வீறிடுகிறது. தொட்டில் நாலு எட்டில்தான் இருக்கிறது. அழுகை அவர் காதுக்கு எட்டுவதில்லை.

காப்பீட்டு அலுவலகத்தில் அவர் மேற்பார்வையாளர். அங்கே அவர் பேச்சை யாரும் மதிப்பதில்லை என்பது மனைவிக்குத் தெரியும். துணிகள் எதிர்த்துப் பேசாது. அதனால் வீட்டுத் துணி முழுவதும் அவர் ஆட்சியில் இருக்கிறது. 'அலமாரி அமைச்சர்' என்று பெயர் வைத்தவள் மனைவியின் தங்கை. அது கிண்டல் என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

குளியலறை வாசலில் வெள்ளைக்கு ஒரு கூடை, வண்ணத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. கோடு போட்டவை எதில் சேரும் என்று முடிவெடுக்க முடியாமல் நான்காவதாக ஒன்று வாங்கி, 'பரிசீலனையில்' என்று சீட்டு ஒட்டினார். கோடு போட்ட தலையணை உறை அதில் விழுந்தால் அதோகதிதான். ஜோடியைத் தொலைத்த காலுறைகளுக்குத் தனி டப்பா. வீட்டுக்கு வருகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும்.

இத்தனைக்கும் ஒரு கைக்குட்டையைக்கூட அவர் நனைத்ததில்லை. மெஷினில் எந்தப் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வரும் என்று தெரியாது. தூறல் விழுந்தால், "மழை வருது போலிருக்கே" என்று நாற்காலியிலிருந்தே அறிவிப்பார். ஒரு கையில் குழந்தையோடு கொடிக்கு ஓடுகிறவள் மனைவி. காய்கிற வரைக்கும் அவள் பொறுப்பு, காய்ந்தபின் தன் பொறுப்பு என்பது ஒப்பந்தம் என்பார். அப்படியொன்றுக்குத் தலையாட்டியதாக அவளுக்கு நினைவில்லை. அவருடைய கால்சட்டைகள் நாற்காலி முதுகில் மலையாகக் கிடப்பதைச் சுட்டிக்காட்டினால், "அது கிடக்கல, இடைக்கால இருப்பு" என்று விளக்கம் வரும்.

கைபேசியில் யாரோ சொல்லிக் கேட்டுக் கொண்டுவந்தது ஹேங்கர் சட்டம். எல்லா ஹேங்கர்களின் கொக்கியும் முதலில் வெளிப்பக்கம் பார்த்திருக்கும். உடுத்திய துணியைத் திரும்ப மாட்டும்போது கொக்கியை உட்பக்கம் திருப்பவேண்டும். ஆறு மாதமாகியும் திரும்பாத கொக்கியில் தொங்குவது வேண்டாத துணி. தெருமுனையில் பழைய துணி போடும் பெட்டிக்குப் போய்விடும். அவருடைய கல்யாணக் கோட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. வயிற்றில் பொத்தான் எட்டாது. ஆனாலும் அவ்வப்போது கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன் அதைத் தோளில் போட்டு எடுத்து, கொக்கியைத் திருப்பிவிடுவார்.

பிரசவத்துக்குப் பின் மனைவி அலுவலகம் திரும்பும் நாள் வந்தது. மருந்துக் கம்பெனியில் கணக்குப் பிரிவு. அவள் இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்தவள் வேர்விட்டுக்கொண்டிருப்பதாகத் தோழி சொல்லியிருந்தாள். முதல் நாளே மேலதிகாரிகள் முன்னால் பேசவேண்டும். சொதப்பினால் நாற்காலி கைமாறிவிடும். குளித்துவிட்டு வந்து அலமாரியைத் திறந்தாள். அவள் பக்கம் நைட்டிகளும், தோளில் பால் கறை படிந்த பழைய சட்டைகளும் மட்டும் இருந்தன.

"என் ஆஃபீஸ் சட்டையெல்லாம் எங்க?"

அவர் காலுறை உருட்டிக்கொண்டிருந்தார். "கொக்கி திரும்பல. ஆறு மாசமா நீ தொடவே இல்ல. சிஸ்டம் எடுத்துடுச்சு."

"சிஸ்டமா, நீங்களா?"

"ரெண்டும் ஒண்ணுதானே."

"பிள்ளை பெத்துட்டு வீட்ல இருந்தேன். தொட்டில் ஆட்டுறதுக்கு ஆஃபீஸ் சட்டை போட்டுப்பாங்களா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "அப்படின்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். விதிவிலக்கு குடுத்திருப்பேன்."

அவள் அலமாரியில் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். வருடாந்தரக் கூட்டத்துக்கென்று கஞ்சி போட்டு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை உருவினாள். போட்டுக்கொண்டு, கையை முழங்கை வரை மடித்துவிட்டாள். அவருடைய மூன்று மடிப்பு அல்ல, கண்டபடி. குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தங்கை வாசலில் நின்று ஏற இறங்கப் பார்த்தாள்.

"உனக்குத்தான்க்கா எடுப்பா இருக்கு. மாமா போட்டா சட்டைதான் மூச்சு வாங்கும்."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். குளிக்கப் போகுமுன் அவள் ஓடவிட்டிருந்த மெஷின், துவைத்து முடித்துக் கூவிக்கொண்டே இருந்தது. குழந்தையும் தொடங்கியது. தங்கை, "மாமா, மெஷின்" என்றாள்.

அவர் எழுந்தார். மெஷினைத் தாண்டி அலமாரிக்குப் போனார். வெள்ளைச் சட்டை இருந்த ஹேங்கர் வெறுமனே கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, கொக்கியை உட்பக்கம் திருப்பி மாட்டினார்.