லூயியின் ஜீப் மலையேறியது

காலையில் பெரிய மார்க்கெட் வாசலில் வெங்காய மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று பள்ளத்தில் மாட்டிக்கொண்டு உறுமியது. கிளட்ச் கருகும் வாசனை. எல்லாரும் மூக்கைப் பொத்த, நான் மட்டும் மீன் பையோடு நின்று ஆசையாக முகர்ந்துகொண்டிருந்தேன். என்ன செய்ய, எனக்கு அது மலையின் வாசனை.

சிரிக்காதீர்கள். புதுச்சேரிக்காரனுக்கு அப்போதெல்லாம் ஏற்றம் என்றால் வேகத்தடைதான். தெருவெல்லாம் நேராகப் போய்க் கடலில் முடியும். அந்த ஊரில் என் சிநேகிதன் லூயியின் அப்பா ஒரு ஃபோர் வீல் டிரைவ் ஜீப் வாங்கியிருந்தார். அவர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். மலைக்குப் போகவென்றே வாங்கியவர், பக்கத்திலிருக்கும் தவளக்குப்பம்கூடத் தாண்டாமலே கண்ணை மூடிவிட்டார்.

லூயிக்கு பிரான்சுக்குப் போகப் பேப்பர் வந்தது. நான் வேலை பார்த்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடி வந்தான்.

"வண்டிய வித்தாச்சு, திங்கக்கெழம எடுத்துக்க ஆளு வராங்கடா. அதுக்குள்ள ஒரு வாட்டி மலை ஏத்திடணும், அப்பாவுக்காக. நீ கூட வந்தா தைரியமா இருக்கும்."

வண்டி தெரிந்தவன் என்று என்னை நம்பினான். கடையில் நான் பில் போடுகிறவன். அதை நான் சொல்லவில்லை.

மூணாறு பக்கம் ஒரு சிகரம். நடைபாதை தொடங்கும் இடம்வரை ஜீப் போகும் என்றார்கள். ரோடு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பாறை, பள்ளம், மறுபடி பாறை. மூன்றாவது வளைவில் பின்சக்கரம் சும்மா சுற்றியது, கிளட்ச் கருகி நாறியது, வண்டி பின்னால் வழுக்கியது. குதித்து இறங்கிக் கல் வைத்தேன். லூயி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

"முடியாதுடா. அப்பாவுக்குக் கொடுத்து வைக்கல."

தேயிலைக் கூடையோடு வந்த அம்மாள் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, இந்தச் சின்ன கியரப் போடவே இல்லியா?"

முன்சக்கரத்தையும் இழுக்க வைக்கும் கியர் அதுதான். அதில் ஊரிலிருந்தே துண்டைக் காயப்போட்டு வந்திருந்தோம். லூயியின் அப்பா அதில் தொப்பி மாட்டுவார். மேடே இல்லாத ஊரில் வேறு எதற்கு அது?

துண்டை எடுத்துவிட்டு கியரைப் போட்டான். நாலு சக்கரமும் பாறையைக் கவ்வின. மேலே போய் நிறுத்தியதும், "அப்பா, வந்துட்டோம்பா!" என்று கத்திவிட்டு விக்கி விக்கி அழுதான். நானும்தான். நடக்கக் கிளம்பியவர்கள் ஏதோ விபத்து என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இப்போது அங்கே சொந்த வண்டியை விடுவதில்லையாம். அந்த ஜீப் எங்கே இருக்கிறதோ, தெரியாது. போன டிசம்பரில் லூயி பிரான்சிலிருந்து வந்தான், தலையெல்லாம் நரைத்து. ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறினேன். என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மெள்ளப் போடா. பயமா இருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தேன். பாலம் இறங்கிய பிறகும் அவன் பிடியை விடவில்லை. அப்போதுதான் என் சிரிப்பு நின்றது.