பதினொரு பேரில் இல்லாதவர்

வாய்தா நாளென்றால் அரிகிருஷ்ணன்தான் கோர்ட்டுக்கு முதல் ஆள். தேய்த்த வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புத் துண்டு. டவாலி பதினொரு பேரைக் கூப்பிட்டு முடிக்கும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். வழக்கில் அவர் பெயர் கிடையாது. ஏழு வருடமாக அவருக்கு அதுதான் எரிச்சல்.

செஞ்சியில் கடலை மூட்டை தூக்குபவர். செங்கொடிச் சங்கத்துக்கு முப்பது வருடமாகச் செயலாளர். சிங்கவரம் சாலையோரத் தரிசில் சங்கம் குடிசை போட்டுப் போராடியபோது போலீஸ் வந்து தலைவர்களை வேனில் ஏற்றியது. அந்த நேரம் பார்த்து இவர் எல்லோருக்கும் தக்காளி சோறு வாங்கப் போயிருந்தார். அண்டாவோடு திரும்பினால் வேன் இல்லை. சைக்கிளில் ஸ்டேஷன்வரை துரத்திப் போய்க் கெஞ்சியிருக்கிறார். "லிஸ்ட்டு முடிஞ்சிது, போய்யா" என்று அனுப்பிவிட்டார்கள்.

கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கும் என்னிடம் வந்து புலம்புவார். "ஜெயராமன் தலைவரு, ஏ-ஒன்னு. சரி. நேத்து வந்த பாண்டுரங்கன் ஏ-த்ரீயா? எனுக்கு ஒரு நம்பரு இல்லியே, சார்!" மேடையில் வழக்குத் தோழர்களுக்குத் துண்டு போர்த்தும்போது, துண்டுகளை எடுத்துக் கொடுப்பது இவர் வேலை. பாண்டுரங்கனுக்கு மட்டும் நூல் பிரிந்ததாகப் பார்த்துக் கொடுப்பாராம். மனைவி தைலம்மாள் தலையில் அடித்துக்கொள்வார்: "ஊர்ல கேஸு வேணாம்னு சாமிக்கு வேண்டிக்குவாங்க. இந்தாளு கேஸு இல்லேன்னு வயிறு எரியறாரு."

போன வாரம் தீர்ப்பு. பதினொரு பேருக்கும் கோர்ட் கலையும்வரை தண்டனை. அதுவரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அரிகிருஷ்ணனும் போய் அதே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மதியம் போலீஸ்காரர் வாங்கி வந்த டீயைப் பாண்டுரங்கன் நீட்டினார். "அண்ணே, நீங்க குடிங்க."

"தண்டனைல இருக்கசொல்ல டீ இன்னாடா?"

சாயங்காலம் நீதிபதி எழுந்து போனார். வாசலில் மாலை, வெடி. கோஷம் போட இவரைத் தேடினார்கள். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். ஊழியர் ஃபேனை நிறுத்திவிட்டு, "பெரியவரே, கோர்ட்டு கலஞ்சி அர மணி நேரம் ஆவுது, கெளம்புங்க" என்றார்.

அரிகிருஷ்ணன் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.