எம்புட்டுல?

சித்தப்பா கல்லூரியில் புள்ளியியல் படிக்கத் தொடங்கிய வருடம், எங்கள் விளாங்குடி வீட்டில் எதையும் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது.

காலாண்டு விடுமுறைக்கு என்னைக் கூட்டிப்போகச் சிம்மக்கல்லிலிருந்து அத்தை வந்திருந்தாள். அம்மா விடமாட்டேன் என்றாள். அந்தப் பேச்சு எப்படியோ பூரிக்குத் தாவியது. மாவில் ரவை சேர்த்தால்தான் பூரி நன்றாக உப்பும் என்றாள் அத்தை. ரவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றாள் அம்மா. அத்தை ஜெயித்தால் நான் சிம்மக்கல்லுக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. அத்தை வீட்டில் கலர் டிவி இருந்தது. படி படி என்று சொல்ல அங்கே ஆளே கிடையாது.

நடுவர் சித்தப்பா. ஒரே சட்டியில் இருவர் மாவையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். உப்பியதற்குச் சிலேட்டில் கோடு, உப்பாதது அவரவர் தட்டில். கோடு போடும் வேலை எனக்கு.

அத்தையின் பூரி சப்பையாக வரும்போதெல்லாம் எனக்குப் பகீரென்றது. யாரும் பார்க்காதபோது அதை எடுத்து விழுங்கிவிடுவேன்.

“அத்தைக்குப் பதிமூணு, அம்மாவுக்குப் பதினொண்ணு!” என்று கத்தினேன்.

“எம்புட்டுல?” என்றார் சித்தப்பா.

மொத்தம் எத்தனை பூரியில் என்று கேட்ட அந்த ‘ல’ எனக்குப் புரியவில்லை. பதிமூன்று பெரிதா, பதினொன்று பெரிதா? அதற்குமேல் என்ன கேள்வி? அவரே தட்டுகளை எண்ணினார். அம்மாவின் தட்டில் ஒன்பது, அத்தையின் தட்டில் ஒன்றே ஒன்று. காகிதத்தில் ஏதோ கணக்குப் போட்டுவிட்டுத் துள்ளினார். “இம்புட்டு வித்தியாசம் தற்செயலா வராது. அக்காதான் ஜெயிச்சா!”

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னாள்: “தம்பி, இவ வயித்துக்குள்ள ஆறு கெடக்கு. அதையும் சேத்து எண்ணுங்க.”

வீடே சிரித்தது. எனக்கு ஏப்பம் வந்தது. சித்தப்பா பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதிதாகப் போட்டார். “இருபதுல பதிமூணு, இருபதுல பதினொண்ணு. இது சும்மாவே வரும் மதினி. இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னும் நூறு பூரியாச்சும் சுடணும்!”

நூறு பூரி என்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்து அத்தையிடம் நீட்டினாள்.

“ரெண்டு நாளைக்கு எண்ணெய்ப் பலகாரம் எதுவும் குடுக்காதீங்க மதினி.”

பஸ்ஸில் அத்தை மடியில் உட்கார்ந்து பையைத் திறந்து பார்த்தேன். நான்கு நாளைக்கான கவுன்கள், ரிப்பன், பல்பொடி எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தது. அம்மாவோ காலையிலிருந்து அடுப்பை விட்டு நகரவே இல்லை. அப்படியானால் இதையெல்லாம் எப்போது எடுத்துவைத்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.